என்எஃப்எஸ் அனுமதிப் பிழை: யூஐடியை ஒத்திசைப்பதா, ஆல் ஸ்குவாஷ் போடுவதா?

என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) பகிர்வில் கோப்பைத் திறக்கையில் ‘பெர்மிஷன் டினைட்’ என்று வந்தால், முதலில் கோப்புகளைத் தரும் சர்வர், அவற்றைத் திறக்கும் கணினி ஆகிய இரண்டிலும் ‘எல்எஸ் -எல்என்’ கட்டளையை இயக்கி, உரிமையாளரின் எண்ணை, அதாவது யூஐடியைப் பாருங்கள். ஆத் சிஸ் எனும் வழக்கமான அடையாள முறையில் சர்வருக்குப் போய்ச் சேர்வது பயனரின் பெயரல்ல, எண்தான். ஆகவே ஒரே பெயருள்ள கணக்குக்கு இங்கே 1000, அங்கே 1001 என்றிருந்தால், சர்வர் அவரை வேற்றாளாகவே நடத்தும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு: எல்லாப் பயனர்களையும் ஒரே எண்ணாக சர்வர் கருதும்படி செய்யும் ஆல் ஸ்குவாஷ், இரு கணினிகளிலும் ஒருவருக்கு ஒரே யூஐடியைக் கொடுக்கும் ஒத்திசைப்பு.

உழைப்பு
ஆல் ஸ்குவாஷ்: சர்வரில் பகிர்வுகளைப் பட்டியலிடும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ஆல் ஸ்குவாஷோடு அனான்யூஐடி, அனான்ஜிஐடி (எல்லோருக்கும் பொதுவான பயனர் எண், குழு எண்) எண்களைச் சேர்த்து, ‘எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ’ இயக்கினால் போதும்.
ஒத்திசைப்பு: யூஐடியை மாற்றும் ‘யூசர்மாட் -யூ’ கட்டளை ஹோம் அடைவிலுள்ள கோப்புகளையும் அஞ்சல் பெட்டியையும் மட்டுமே தானாக மாற்றும் என்பதால், வெளியே கிடப்பவற்றை நாமே தேடித் திருத்த வேண்டும், இதை மறப்பவர்கள்தான் அடுத்த வாரம் அதே பிழையோடு திரும்பி வருகிறார்கள்.

உரிமைத் தடம்
ஆல் ஸ்குவாஷ்: பகிர்வு வழியாக எழுதும் எல்லாக் கோப்புகளும் ஒரே எண்ணில் சேர்வதால், யார் எழுதியது என்பது மறைந்துவிடும்.
ஒத்திசைப்பு: ஒவ்வொருவரின் உரிமையும் நிலைக்கும்.

ஒத்திசைத்த பிறகும் குழு அனுமதி மட்டும் மறுக்கப்பட்டால், அந்தப் பயனர் எத்தனை குழுக்களில் இருக்கிறார் என்று எண்ணுங்கள். ஆத் சிஸ் 16 துணைக் குழுக்களுக்கு மேல் அனுப்பாது. ரூட்டுக்கு (நிர்வாகிக் கணக்கு) மட்டும் மறுப்பு வந்தால் அது ரூட்டைச் சாதாரணப் பயனராக நடத்தும் ரூட் ஸ்குவாஷின் வேலை, அதை அணைக்காதீர்கள்.

வீட்டில் படங்களைப் பகிர ஆல் ஸ்குவாஷ் போதும். பலர் தத்தம் கோப்புகளை வைத்திருக்கும் அலுவலகத்துக்கோ ஆய்வகத்துக்கோ ஒத்திசைப்பையே பரிந்துரைக்கிறேன்.