லேப்பிங் செட்: கண்ணாடிக்கு முழு மதிப்பெண், குறிப்புத் தாளுக்குப் பூஜ்யம்

கணினி சிப்பின் மேல் உட்கார்ந்து, உள்ளே ஓடும் தண்ணீரால் அதன் சூட்டை இழுக்கும் செம்புக் கட்டைதான் வாட்டர் பிளாக். அதன் அடியைத் தேய்த்து மட்டமாக்க உதவும் லேப்பிங் செட் ஒன்றை வாங்கிப் பயன்படுத்தினேன். பெட்டியில் தடிமனான கண்ணாடிப் பலகை, 400 நம்பரில் தொடங்கி 2000 வரை வாட்டர் பேப்பர் (நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும்), ஒரு குப்பி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மெருகு ஏற்றும் பசை, துணி, குறிப்புத் தாள் இவ்வளவும் இருந்தன. கொடுத்த பணத்துக்கு வேலை செய்தவை கண்ணாடியும் கரடான தாள்களும்தான்.

கண்ணாடி அருமை. உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யும் ஃப்ளோட் கண்ணாடிக்கு மட்டம் இயல்பாகவே வந்துவிடும். இவர்கள் தந்திருப்பது நல்ல தடிமன் என்பதால், மேசை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் வளைவதில்லை. மரப்பலகையிலோ கையில் பிடித்தோ தேய்த்தால் இந்த மட்டம் கிடைக்கவே கிடைக்காது.

என் பிளாக்கின் அடியில் ஒரு புது பிளேடின் விளிம்பை நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தபோது நடுவில் வெளிச்சம் கசிந்தது. அதாவது நடுவில் குழி. செம்பின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 400 வாட்/மீ.கெ. சிப்புக்கும் பிளாக்குக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்டில் நல்லதுக்கே 10-ஐ ஒட்டித்தான் வரும், காற்றுக்கு வெறும் 0.026. குழியை பேஸ்ட் நிரப்பிவிடும், சரி. ஆனால் சூடு அதிகம் கிளம்பும் நடுப்பகுதியில் போய் அந்தத் தடித்த பேஸ்ட் உட்கார்ந்துகொள்கிறதே!

மார்க்கரால் அடி முழுக்கக் கட்டம் போட்டு, 400 தாளில் தண்ணீர் விட்டுத் தேய்க்கத் தொடங்கினேன். முதலில் நான்கு மூலைகளில் கோடுகள் அழிந்து செம்பு பளிச்சென்று தெரிந்தது. நடுவில் மட்டும் முட்டை வடிவில் கறுப்புத் திட்டு அப்படியே நின்றது. தேய்க்கத் தேய்க்க அது சுருங்கிக்கொண்டே வந்தது. அது முழுசாகப் போகும்வரை 600-க்குத் தாவக் கூடாது, நைசான தாளால் குழியை எடுக்க முடியாது. பிளாக்கைத் தாழ்வாக, அடியை ஒட்டிப் பிடித்து, அழுத்தாமல் ஓட்ட வேண்டும். உயரத்தில் பிடித்தால் ஆட்டம் கண்டு விளிம்பு உருண்டுவிடும். அவ்வப்போது பிளாக்கைக் கால்வட்டம் திருப்பிக்கொண்டால் ஒரு பக்கமாகத் தேயாது.

குறிப்புத் தாள்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அடித்தட்டைத் திருகு கழற்றித் தனியாகத் தேய்க்கச் சொல்கிறது. தனியாக மட்டமான தட்டு, திருகும் ஓ-ரிங்கும் (தண்ணீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) கொடுக்கும் அழுத்தத்தில் மறுபடி வளைய வாய்ப்பு உண்டு. பூட்டிய நிலையில் தேய்ப்பதே சரி. அப்போது தண்ணீர் வந்துபோகும் துவாரங்களை ஜி1/4 (மரை அளவு) அடைப்பான்களால் இறுக மூட வேண்டும். உள்ளே இருக்கும் நுண்ணிய செதில்களுக்கு இடையே தாளின் துகள் புகுந்தால் தண்ணீர் ஓட்டமே தடைபடும். அந்த அடைப்பான் இரண்டு இந்த செட்டில் இல்லை, பெரிய குறை.

மெருகுப் பசையைத் தொடவே வேண்டாம். துணி அமுங்கிக் கொடுக்கும் பொருள், அதை வைத்துத் தேய்த்தால் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த மட்டம் விளிம்பில் போய்விடும். முகம் தெரிவதும் மட்டமாக இருப்பதும் வேறு வேறு. நான் 1000-லேயே நிறுத்திக்கொண்டேன், மங்கலாகத்தான் இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது. புது பேஸ்டே கொஞ்சம் சூட்டைக் குறைக்கும் என்பதால், தேய்ப்பதற்கு முன்பும் பேஸ்டை மாற்றித்தான் அளந்தேன். அதே அறை வெப்பம், அதே பம்ப் வேகம், அதே லோடு: 4 டிகிரி குறைந்தது. கழற்றிப் பார்த்தால் பேஸ்ட் நடுவிலும் ஓரத்திலும் ஒரே மெல்லிய படலமாக இருந்தது.

எல்லா பிளாக்கையும் தேய்க்கக் கிளம்பிவிடாதீர்கள். நடுவில் அழுத்தம் கூடுவதற்காக வேண்டுமென்றே லேசாகப் புடைக்க விட்ட அடிகளும் உண்டு, அவற்றைத் தேய்த்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். நிக்கல் முலாம் சில மைக்ரான்தான், 400 தாளில் போயே போய்விடும், வாரண்டியும் கூடவே போகலாம். வெறும் செம்பு நாளடைவில் கறுக்கும், அது பார்வைக்கு மட்டும்தான். பிளேடுக்கு அடியில் வெளிச்சமே வரவில்லை என்றால் இந்த செட் உங்களுக்குத் தேவையே இல்லை.

இன்னொன்று, பிளாக்கின் மேல்மூடி அக்ரிலிக் பிளாஸ்டிக் என்றால் குப்பியில் இருக்கும் ஆல்கஹால் அதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மெல்லிய விரிசல் விழும். துணியை அதில் நனைத்து, செம்பை மட்டும் துடைத்தால் போதும். 400 தாள் செட்டில் ஒன்றே ஒன்றுதான் வருகிறது, சீக்கிரம் மழுங்கிவிடும். கூடுதலாகச் சில தாள்களைத் தனியாக வாங்கி வைத்துக்கொண்டே உட்காருங்கள்.