கப்ளரைக் கழற்றி வைத்து வோல்ட் பார்த்துவிட்டு "பம்ப் போச்சு" என்றால் நம்பாதீர்கள்

ஒன்றரை மாதத்துக்குள் என் காருக்கு இரண்டு முறை ஃபியூயல் பம்ப் மாற்றினார்கள். மூன்றாவது முறை போனபோது, இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கணினியான ஈசியூவையே மாற்ற வேண்டும் என்றார்கள். உண்மையான கோளாறு, பின்பக்க வீல் ஆர்ச்சுக்குப் பக்கத்தில் பாடியோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்த ஒரு எர்த் வயரின் (பம்ப்பிலிருந்து கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்புகிற வயர்) முனையில் இருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, வயர் முனையில் புது லக் (போல்ட்டில் மாட்டுகிற உலோக வளையம்) போட்டு இறுக்கியதும் சரியாகிவிட்டது. அந்தப் பட்டறையில் எனக்குச் செய்துகாட்டிய அதே பரிசோதனையை உங்களுக்கும் யாராவது செய்துகாட்டலாம். பார்த்தால் நம்பும்படியாகவே இருக்கும். நானும் நம்பினேன். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

வண்டியில் என்ன பிரச்சினை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். அரை மணி நேரம் ஓடிய பிறகு மேட்டில் இழுவை குறையும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் திணறும். அப்புறம் எங்காவது சிக்னலில் நிற்கும்போது அணைந்துவிடும். செல்ஃப் நன்றாகச் சுற்றும், ஆனால் இன்ஜின் பிடிக்காது. இருபது நிமிடம் விட்டுவிட்டுப் பார்த்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். கீ ஆன் செய்ததும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு மூன்று விநாடி 'ஊம்' என்று ஒரு சத்தம் வரும் இல்லையா, டேங்குக்குள் இருக்கிற பம்ப் லைனில் அழுத்தம் ஏற்றுகிற சத்தம் அது. வண்டி நின்றுபோன நேரங்களில் அந்தச் சத்தம் சோர்ந்துபோய், இழுத்து இழுத்துக் கேட்டது. ஒருமுறை கேட்கவே இல்லை. இதையெல்லாம் பட்டறையில் சொன்னேன். சூடானால்தான் வருகிறது என்பதை இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன்.

அவர்கள் பின்சீட்டைத் தூக்கினார்கள். டேங்க் மேல்மூடியில் பம்ப்போடு வயர்களை இணைக்கிற கப்ளரைக் கழற்றி, அதற்குள் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துக்கொண்டு, உதவிக்கு இருந்த பையனை கீ ஆன் செய்யச் சொன்னார்கள். மீட்டரில் 12.4 வந்தது. "பாத்துக்குங்க சார், கரண்ட் முழுசா வருது. ஆனா மோட்டார் ஓடல. அப்ப மோட்டார்தான் போயிருக்கு" என்றார் மெக்கானிக். என் கண்ணால் பார்த்த எண். மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சரி, மாற்றிவிடுங்கள் என்றேன்.

இந்த இடத்தில்தான் ஏமாந்தேன். மல்டிமீட்டர் சர்க்யூட்டிலிருந்து கிட்டத்தட்ட கரண்ட்டே எடுக்காது. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம் அளவில் இருக்கும். பம்ப் அப்படியில்லை. ஓடும்போது பல கார்களில் 4 முதல் 8 ஆம்பியர் வரை இழுக்கும். வயருக்குள் எல்லா நூலும் அறுந்து ஒரே ஒரு நூல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும், பம்ப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் மீட்டர் முழு 12 வோல்ட்டைத்தான் காட்டும். துருப்பிடித்த எர்த், பம்ப்புக்கு கரண்ட் விடுகிற சுவிட்சான ரிலேவின் கருகிய முனை, உருகிய கப்ளர் பின் எதுவும் அந்தப் பரிசோதனையில் தெரியாது. பம்ப்பைச் செருகி, அது இழுக்கிற கரண்ட் ஓடத் தொடங்கினால்தான் தடை இருக்கிற இடத்தில் வோல்ட் விழும். எனவே கப்ளரைக் கழற்றி வைத்து அளந்த 12.4, பம்ப்பைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை, வயரிங்கைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

பம்ப் மாற்றினார்கள். கழற்றிய பழையதைக் கேட்டேன். தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார்கள். மூன்று வாரம் வண்டி நன்றாக ஓடியது. அந்த மூன்று வாரம்தான் என்னை முழுமையாக நம்பவைத்தது. பின்னால் யோசித்தால் காரணம் எளிது: சீட்டைத் தூக்கி, கப்ளரைக் கழற்றி, வயரை இழுத்து அசைத்ததில் எர்த் முனை கொஞ்சம் நகர்ந்து தற்காலிகமாக ஒட்டியிருக்கும். எலக்ட்ரிகல் வேலையில் இப்படி அடிக்கடி நடக்கும். பாகத்தை மாற்றியதும் சரியானது என்பதால் பாகத்தில்தான் கோளாறு இருந்தது என்று ஆகிவிடாது.

நாலாவது வாரம் அதே திணறல். அதே பட்டறைக்குத்தான் போனேன், அவர்கள் மாற்றிய பம்ப்தானே. "டூப்ளிகேட் பீஸ் வந்திருக்கும் சார்" என்று இன்னொரு பம்ப் போட்டார்கள். இந்தத் தடவை நடந்த இரண்டு விஷயங்களை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

ஒன்று, புதிதாக வந்த பம்ப்பின் கப்ளர் வடிவம் பொருந்தவில்லை. சரியான பீஸை வரவழைப்பதற்குப் பதிலாக, வண்டியின் கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு வயரை வயரோடு முறுக்கி டேப் சுற்றினார்கள். டேங்குக்கு நேர் மேலே, பெட்ரோல் ஆவி படுகிற இடத்தில், முறுக்கிய ஜாயின்ட். அந்த டேப்பின் பசை எத்தனை நாள் தாங்கும்?

இன்னொன்று அதைவிட மோசம். டேங்கின் வாய் திறந்தே இருக்கிறது. அதற்கு ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டு, புது பம்ப் ஓடுகிறது என்று எனக்குக் காட்டுவதற்காக பேட்டரியிலிருந்து வெறும் வயரை இழுத்து அதன் முனையில் தொட்டார்கள். 'டிக்' என்று ஒரு நீலப் பொறி. பம்ப் ஓடியது. பெட்ரோலின் ஆவி ஏறத்தாழ மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே பற்றக்கூடியது. அந்தப் பொறி அன்றைக்கு எங்களைக் கொண்டுபோகவில்லை என்பது வெறும் அதிர்ஷ்டம். உங்கள் வண்டியில் யாராவது இப்படிச் செய்யப்போனால், மரியாதை பார்க்காமல் நிறுத்தச் சொல்லுங்கள். டேங்க் மூடியைத் திறக்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றியிருக்க வேண்டும், லைன் அழுத்தத்தை இறக்கியிருக்க வேண்டும். ஓட்டிப் பார்க்கிற வேலையெல்லாம் மூடியை மூடிய பிறகு, ரிலே இருக்கிற பெட்டியிலிருந்து செய்ய வேண்டியது.

அதே வயரைக் கழற்றிய பம்ப்பில் தொட்டுக் காட்டுங்கள் என்று அந்த நேரத்தில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அதுவும் ஓடியிருக்கும். ஆனால் இந்த முறை கழற்றியதைக் கையோடு வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

பத்தே நாளில் மறுபடி நின்றது. இப்போது ஸ்கேனர் போட்டார்கள். வந்த கோளாறுக் குறியீடு, அதாவது 'கோடு', பி0171. இன்ஜினுக்குள் போகிற கலவையில் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்று மட்டுமே அதற்கு அர்த்தம். பம்ப்புக்கு வோல்ட் குறைந்து, அழுத்தம் விழுந்தால் இந்தக் கோடு வரலாம். பம்ப் ரிலே சர்க்யூட் கோளாறுக்கு உரிய பி0230 அங்கே இல்லவே இல்லை. ஆனாலும் "ஈசியூ ரிலேவுக்கு சிக்னல் குடுக்கல, ஈசியூ மாத்தணும்" என்றார்கள். ரிலேவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தெரிந்தவர் சொல்லி, வயரிங் வேலை மட்டும் பார்க்கிற ஒரு எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் முதலில் என்னைத் திருப்பி அனுப்பினார். "சூடானாத்தான் வருதுன்னா, சூடு பண்ணிட்டு வாங்கண்ணே. நல்லா இருக்கறப்ப அளந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார். முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டு, திணற ஆரம்பித்ததும் நேராக அவரிடம் ஓட்டிப்போனேன்.

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். இன்ஜினை அணைத்துவிட்டு, ரிலேவைப் பிடுங்கி, அதன் சாக்கெட்டில் 30 (பேட்டரி கரண்ட் வருகிறது) என்றும் 87 (பம்ப்புக்குப் போகிறது) என்றும் இருக்கிற இரண்டு ஓட்டைகளை, நடுவில் 15 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்த ஒரு வயரால் இணைத்தார். பம்ப் விடாமல் ஓடத் தொடங்கியது, அதே சோர்ந்த சத்தத்தோடு. ஈசியூ, திருட்டைத் தடுக்கிற இம்மொபிலைசர், இன்ஜின் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்கிற கிராங்க் சென்சார் எல்லாம் இதோடு வழக்கிலிருந்து விலகின. அவை எதுவும் நடுவில் இல்லாதபோதும் பம்ப் சோர்ந்துதான் ஓடுகிறது. பிறகு வயர்களைப் பிரிக்காமல், இணைப்பு இருந்தபடியே, மெல்லிய ஊசியால் பம்ப்பின் பிளஸ்ஸைத் தொட்டார். மீட்டரின் கருப்பு முனையை ஒரு நீளமான வயரால் பேட்டரி மைனஸிலேயே மாட்டியிருந்தார். பேட்டரியில் 12.5. பம்ப் பிளஸ்ஸில் 12.3. வழியில் விழுந்தது 0.2 மட்டும், அதில் குறையில்லை. அடுத்து சிவப்பு முனையை பம்ப்பின் மைனஸ் வயருக்கு மாற்றினார். அங்கே பூஜ்யத்துக்கு ஒட்டி ஏதாவது வர வேண்டும், 0.1 அல்லது 0.2க்கு மேல் போகக்கூடாது. வந்தது 3.6.

அதாவது பம்ப்புக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது 8.7 வோல்ட்தான். வயரைச் சுற்றி மாட்டிக் கரண்ட்டை அளக்கிற கிளாம்ப் மீட்டரில் 3 ஆம்பியர் ஓடியது. 3.6ஐ 3ஆல் வகுத்தால் 1.2 ஓம். எர்த் வழியில் எங்கோ 1.2 ஓம் தடை உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஓம் என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும். பம்ப்புக்கு அது கழுத்தில் போட்ட கயிறு.

கருப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போய், வீல் ஆர்ச் பக்கம் கார்பெட்டைத் தூக்கினார். கார்பெட்டின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது, எங்கிருந்தோ தண்ணீர் கசிந்திருக்கிறது. போல்ட்டைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. "தொட்டுப் பாருங்க" என்றார். லக் நன்றாகச் சுட்டது. 3.6 வோல்ட், 3 ஆம்பியர், கிட்டத்தட்ட 11 வாட். பம்ப்புக்குப் போக வேண்டியதில் அவ்வளவும் அந்த ஒரு போல்ட்டில் சூடாகிக்கொண்டிருந்தது. சூடாகச் சூடாகத் தடை கூடியதால்தான் அரை மணி நேரம் கழித்து வண்டி நின்றது.

பாடியில் பெயின்ட் போக, பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்த்தார். வயரைக் கொஞ்சம் வெட்டி, உள்ளே கறுக்காத செம்பு வந்ததும் புது லக் அழுத்தி, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். மறுபடி அளந்தார். எர்த் பக்கம் 0.06. பம்ப்புக்கு 12.1. கரண்ட் 5 ஆம்பியர். சத்தம் கணீரென்று மாறியது எனக்கே கேட்டது. முறுக்கிய ஜாயின்ட்டை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வண்டிக்கு உரிய கப்ளரை வாங்கிவந்து போட்டார். அந்தக் கப்ளருக்குப் பொருந்துவது, 'டூப்ளிகேட், போச்சு' என்று கழற்றி என் கையில் கொடுத்த பம்ப்தான். அதையே திரும்ப மாட்டினார். இன்றைக்கு என் வண்டியில் ஓடிக்கொண்டிருப்பது அதுதான். முதலில் தூக்கிப்போட்டதும் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் நிரூபிக்க அது என்னிடம் இல்லை.

பம்ப் உண்மையிலேயே போவதும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். செருகிய நிலையில் பம்ப்பின் இரண்டு முனைக்கும் நடுவே 12 வோல்ட் முழுதாக இருக்கிறது, அப்படியும் சுற்றவில்லை என்றால் பம்ப் போனது போனதுதான். டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியால் லேசாகத் தட்டினால் ஓட ஆரம்பிக்கிறது என்றால் உள்ளே மோட்டாருக்குக் கரண்ட் கடத்துகிற பிரஷ் தேய்ந்திருக்கும். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவர்களுக்கு இது சீக்கிரம் வரும், ஏனென்றால் பம்ப்பைக் குளிர்விப்பதே டேங்கில் இருக்கிற பெட்ரோல்தான். கரண்ட் அளவுக்கு மீறி இழுத்து, ரிலேயும் கப்ளரும் கருகியிருந்தால், பம்ப்போடு அவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புதியதும் நீடிக்காது. சில கார்களில் மோதல் நடந்தால் பம்ப்பை நிறுத்துகிற சுவிட்ச் ஒன்று இருக்கும், பெரிய பள்ளத்தில் இறங்கினால்கூட அது தானாகத் துண்டித்துவிடலாம். ஒரு பட்டனை அமுக்குவதோடு முடிகிற வேலை அது. புதிய கார்கள் சிலவற்றில் பம்ப்பின் வேகத்தைத் தனி கன்ட்ரோல் மாட்யூல் துடிப்புத் துடிப்பாக வோல்ட் கொடுத்து மாற்றும். அங்கே ரிலேவில் வயர் போட்டு ஓட்டுகிற வேலையும் சாதாரண மீட்டரும் சரிப்படாது. சர்வீஸ் மேனுவல் பார்த்துச் செய்கிறவரிடம்தான் போக வேண்டும்.

அளவுகளை எழுதி எடுத்துக்கொண்டு பழைய பட்டறைக்குப் போனேன். எலக்ட்ரிகல் பாகத்துக்கு கியாரண்டி கிடையாது என்று ஆரம்பித்தார்கள். நான் பாகத்தைக் குறை சொல்ல வரவில்லை, அளக்காமல் மாற்றியதைத்தான் கேட்கிறேன் என்றேன். நீண்ட நேரம் பேசியபின் இரண்டாவது பம்ப் மாற்றிய கூலியை மட்டும் திருப்பித் தந்தார்கள். மூடியைத் திறந்துவைத்துப் பொறி பறக்கவிட்டதைப் பற்றிச் சொன்னபோது, "பத்து வருஷமா அப்படித்தான் பண்றோம்" என்றார்கள். அதற்காகவே இனி அங்கே போகமாட்டேன்.

அந்த எர்த் முனையை நானே போன வாரம் அதே முறையில் அளந்தேன். ஐந்து மாதம் ஆகிறது, 0.07தான் காட்டுகிறது. தண்ணீர் கசிகிற இடம்தான் இன்னும் பிடிபடவில்லை.