வெட்டாமல் அளக்கும் மீயொலிக் கருவி: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

அகரோஸ் ஹைட்ரோஜெல்லில் (கடற்பாசியிலிருந்து எடுக்கும், நீர் நிறைந்த கூழில்) குருத்தெலும்புச் செல்களை வளர்ப்பவர்களுக்கு, வாரக்கணக்கில் பேணிய மாதிரியைச் குருத்தெலும்புப் பொருள் உருவானதா என்று நிறமேற்றிப் பார்க்கும் சாஃப்ரனின் சாயச் சோதனைக்காகச் சீவி அழிக்கும்போது எழும் வருத்தம் தெரியும். அந்த இழப்பைக் குறைக்கவே மாதிரியின் ஊடே மீயொலியைச் செலுத்தி அதன் வேகத்தை அளக்கும் இந்தக் கருவியை எங்கள் ஆய்வகம் வாங்கியது.

37 டிகிரி செல்சியஸ் நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,524 மீட்டர் செல்கிறது. செல்கள் சுரக்கும் குருத்தெலும்புப் பொருட்களான கொலாஜனும் புரோட்டியோகிளைக்கனும் ஜெல்லை நிரப்ப நிரப்ப அந்த வேகம் கூடுவதால், வளர்ப்புக் கலத்தைத் திறக்காமலேயே ஒரே மாதிரியை நாள்தோறும் பின்தொடர முடிகிறது. முதல் வாரம் அசையாமல் கிடந்த வேக வரைபடக் கோடு மூன்றாம் வாரத்தில் மெல்ல மேலேறியதையும், கண்ணாடிபோல் இருந்த சிறு வில்லை வடிவ ஜெல் மாதிரி பால்நிறம் கொள்ளத் தொடங்கியதையும் ஒருசேரப் பார்த்தபோது எங்களுக்கு உண்மையிலேயே மனம் நிறைந்தது.

குறைகளும் உண்டு. கொலாஜன் எவ்வளவு, புரோட்டியோகிளைக்கன் எவ்வளவு என்று இது பிரித்துச் சொல்லாது. வில்லையின் தடிமன் சரியாகத் தெரியாவிட்டால் வேகக் கணக்கே தவறிவிடும். ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலும் அன்றைய அளவு பாழ். வளர்ப்பு ஊடகத்தை முன்பே 37 டிகிரிக்குச் சூடாக்கிச் சுவரோரமாக மெதுவாக ஊற்றினால் குமிழிகள் குறைகின்றன என்பதை நாங்களே பட்டறிந்தோம். கையேட்டில் அது குறித்து ஒரு வரிகூட இல்லை.