யூடைஸ் பிளஸ் பள்ளி அறிக்கை: குழாயை எண்ணும், வாசிப்பை எண்ணாது

பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று யோசிப்பவர்களும், பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக வந்தவர்களும் முதலில் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு பள்ளியின் விவரத்தையும் திரட்டி வைக்கும் மத்திய கல்வி அமைச்சகத்தின் யூடைஸ் பிளஸ் தளம். காசு கிடையாது, கணக்கு தொடங்க வேண்டியதில்லை. பள்ளியின் 11 இலக்க யூடைஸ் எண் தெரிந்தால் வேலை சுலபம். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த இரண்டு மாவட்டம், அதற்கடுத்த இரண்டு ஒன்றியம். எண் தெரியாவிட்டால் பெயரைத் தட்டித் தேடுவதைவிட மாவட்டம், ஒன்றியம் என்று இறங்கி வருவதே மேல். பள்ளிப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஊருக்கு ஊர் மாறும். பெயரைத் தேடி 'இல்லை' என்று வந்தால் பள்ளியே இல்லை என்று அர்த்தமில்லை.

அறிக்கையில் உருப்படியான பகுதி மாணவர் எண்ணிக்கை அட்டவணை. வகுப்புவாரியாக, ஆண் பெண் தனித்தனியாக இருக்கும். இதைக் கூட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்; வகுப்புகளின் வரிசையைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, ஒன்றாம் வகுப்பில் 5, இரண்டில் 6, மூன்றில் 8, நான்கில் 9, ஐந்தில் 10 என்று ஒரு பள்ளி. மொத்தம் 38. ஜூனில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 10 பேரும் போய்விடுவார்கள். புதிதாக 5 பேர் வந்தால் 33. அதற்கடுத்த ஆண்டு 29, பிறகு 26. எந்த ஆசிரியரும் தவறு செய்யாமலே பள்ளி சுருங்குகிறது. ஐந்தாண்டும் உங்கள் பிள்ளை அங்கே படிக்குமா என்ற கேள்விக்கு இந்த ஒரு வரிசை பாதிப் பதில் சொல்லிவிடும்.

அதே பள்ளியில் ஆசிரியர் இருவர் என்றால் மாணவர்-ஆசிரியர் விகிதம் 19. கல்வி உரிமைச் சட்டம் கேட்பது 30-க்கு ஒருவர். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். தாளில் அருமையாக இருக்கிறது. ஆனால் வகுப்பு ஐந்து, ஆள் இரண்டு. ஒருவர் 1, 2, 3-ஐச் சேர்த்து உட்கார வைப்பார், மற்றவர் 4, 5-ஐ. தலைமை ஆசிரியரும் அந்த இருவரில் ஒருவர்தான். அவர் வட்டார வள மையத்துக்குக் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். விகிதம் மட்டும் அன்றும் 19-தான். ஆகவே விகிதத்தை விட்டுவிட்டு, வகுப்புக்கு ஓர் ஆசிரியர் உண்டா என்று எண்ணுங்கள். ஆங்கில வழி என்று தனிப் பிரிவு காட்டியிருந்தால் அதற்குத் தனி ஆசிரியர் உண்டா என்றும் கேளுங்கள்.

சமூகப் பிரிவு அட்டவணையில் ஒரு சிக்கல். நம் ஊரில் பி.சி., எம்.பி.சி., பி.சி. முஸ்லிம், எஸ்.சி., எஸ்.சி. அருந்ததியர், எஸ்.டி. என்று பிரித்துப் பழகியிருக்கிறோம். இங்கே பொது, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. என நான்கே கட்டம். பி.சி.யும் எம்.பி.சி.யும் ஒன்றாகக் கலந்துவிடும். சிறுபான்மையினர் கணக்கு தனி அட்டவணை. ஒரு முஸ்லிம் குழந்தை இரண்டிலும் இருக்கும். இரண்டையும் கூட்டினால் கணக்கு உதைக்கும். வயது அட்டவணையையும் தவறவிடாதீர்கள். நான்காம் வகுப்பில் 11, 12 வயதுப் பிள்ளைகள் தென்பட்டால் இடையில் நின்று திரும்பியவர்களோ, செங்கல் சூளை வேலைக்கு ஊர் ஊராகப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளோ இருக்கலாம்.

வசதிகள் பகுதியில் 'மொத்தம்' என்பதோடு 'பயன்பாட்டில் உள்ளது' என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கழிப்பறை 2, பயன்பாட்டில் 1 என்றிருந்தால் விஷயம் அங்கேதான். நூலகம் 'உண்டு' என்பது பூட்டிய பீரோவாகவும் இருக்கலாம். எல்லாமே பள்ளி தரும் விவரம்.

பெரிய குறை இதுதான்: பிள்ளைகள் வாசிக்கிறார்களா, கழித்தல் போடுகிறார்களா என்று இந்த அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. அதே வகுப்பில் திரும்பப் படிப்பவர் கட்டத்தை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை, அது பூஜ்யமாகத்தான் இருக்கும். 2021 நவம்பரில் நடந்த தேசிய அடைவுத் தேர்வும், 2024 டிசம்பரில் 3, 6, 9 வகுப்புகளுக்கு நாடு முழுக்க நடந்த பரக் தேர்வும் மாதிரிப் பள்ளிகளை எடுத்து மாவட்டத்தைச் சொல்பவை. உங்கள் தெருப் பள்ளியைச் சொல்லாது. பிரதம் என்ற தொண்டு நிறுவனத்தின் ஏசர் அறிக்கை கிராமத்து வீடுகளுக்குப் போய் எடுப்பது, பள்ளிவாரிக் கணக்கே அதில் இல்லை.

பிள்ளைகள் வாசிக்கிறார்களா என்ற தகவல் பள்ளியில்தான் இருக்கிறது. 2022-இல் தொடங்கிய தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நிலை பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். மூன்றாம் வகுப்பு ஆசிரியரிடம் "டீச்சர், தமிழ்ல அரும்புல எத்தனை பேரு, மலர்ல எத்தனை பேரு?" என்று கேளுங்கள். ஜூனிலும் ஜனவரியிலும் கேட்டால் பள்ளி நகர்கிறதா என்று தெரியும். எட்டே பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவர் என்பது பன்னிரண்டரை சதவீதம். அதனால் சதவீதத்தில் பேசாமல் தலையை எண்ணுங்கள்.

ஆண்டுகளை ஒப்பிடும்போது எச்சரிக்கை தேவை. 2022-23 முதல் ஒவ்வொரு மாணவரின் விவரமும் தனித்தனியாகப் பதிவாகிறது. அதற்கு முன்பு பள்ளிவாரியாக மொத்த எண்தான். 2021-22-ஐ 2022-23-உடன் வைத்து 'இத்தனை பேர் குறைந்துவிட்டார்கள்' என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

தவறான எண் கண்ணில் பட்டால் தளத்தில் நீங்களாகத் திருத்த வழியில்லை. பதிவு திறந்திருக்கும் காலத்தில் தலைமை ஆசிரியர்தான் மாற்ற முடியும். ஒன்றியமும் மாவட்டமும் சரிபார்த்து முடித்துவிட்டால் அடுத்த ஆண்டுதான். அறிக்கையைப் பதிவிறக்கி, தவறான கட்டத்தை வட்டமிட்டு, மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மான நோட்டில் எழுத வையுங்கள்.