528 வெள்ளிக்குப் போன வருசத்து பீர்

கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் வார்த்தை கொஞ்சம் முன்னே பின்னே வரலாம். 528 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) போய்விட்டது. 24 பாட்டில், ஒன்று 22 வெள்ளி. திறந்தது இரண்டு. மிச்சம் 22 பாட்டில் மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது.

கடைப் பெயரைச் சொல்லமாட்டேன். கோலாலம்பூரில், எல்.ஆர்.டி. நிலையத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில், வெளிநாட்டு கிராஃப்ட் பீர், அதாவது சின்ன ஆலைகள் காய்ச்சுகிற பீர், மட்டும் விற்கிற கடை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி ஐஸ்பெட்டி. உள்ளே நிற்பது நம்ம தமிழ்ப் பையன். வாய் நிறைய "அண்ணே" என்றான். நான் விழுந்தது அங்கேதான்.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை செந்தூல் வீட்டில் பத்துப் பேர் கூடுவதாக ஏற்பாடு. எப்போதும் வாங்கும் டின் லாகர் (லேசான மஞ்சள் பீர்) வேண்டாம், இந்தத் தடவை வித்தியாசமாக ஏதாவது என்று போனேன். அமெரிக்காவில் ஒரு சின்ன புரூவரி, இலையுதிர்காலத்துக்கென்றே வருசா வருசம் காய்ச்சுகிற ஆம்பர் ஏல் என்று ஒரு சிவந்த பீரை எடுத்துக் காட்டினான். நமக்கு ஏது இலையுதிர்காலம்? மதியம் வெயில், சாயங்காலம் மழை, அவ்வளவுதான். இருந்தாலும் லேபிளில் செவ்விலைகளைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. "இந்த வருசத்து சரக்குண்ணே, போன வாரம்தான் வந்துச்சு" என்றான்.

ஐஸ்பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலைத் திறந்து சின்ன கிளாஸில் ஊற்றித் தந்தான். பொய் சொல்ல மனமில்லை, பிரமாதம். விளக்குக்கு நேரே பிடித்தால் புளி போட்டுத் தேய்த்த செம்புக் குடத்தின் நிறம். மூக்கருகே கொண்டுபோனால் சீனிப்பாகு கருகத் தொடங்கும்போது வருமே, அந்த வாசனை. கூடவே வாட்டிய ரொட்டியின் ஓரம். இரண்டும் கேரமல் மால்ட்டின் வேலை. முளைகட்டிய பார்லியை ஈரம் காயும் முன்பே சூடேற்றினால் உள்ளேயே சர்க்கரையாகி, வறுபடும்போது பாகாக இறுகிவிடும். அந்தச் சிவப்பும் அதிலிருந்து வருவதுதான். குடித்தால் முதலில் இனிப்பு, அப்புறம் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளிய மாதிரி ஹாப்ஸ் (பீருக்கு வாசமும் கசப்பும் தருகிற பூ) வாசம், கடைசியில் அடிநாக்கில் மெல்லிய கசப்பு. மட்டன் வறுவலுக்கு இதுதான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அந்த அரை கிளாஸை நம்பித்தான் கியூஆரை ஸ்கேன் செய்தேன். 528 வெள்ளி. பெட்டி ஸ்டோரில் இருக்கிறது, நாளைக்கு வீட்டுக்கே வந்துவிடும் என்றான். ரசீது கேட்டேன். "வாட்ஸ்அப்ல அனுப்புறேண்ணே." இன்றுவரை வரவில்லை.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு வேனில் வந்தது. பெட்டியைத் தொட்டால் சூடு. அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், வெயிலில் வந்ததால் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ராத்திரி முழுக்க ஐஸ்பெட்டியில் வைத்து, ஞாயிறு மதியம் எல்லார் முன்னாலும் பெருமையாகத் திறந்தேன். ஆரஞ்சு வாசம் அடியோடு இல்லை. மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம். அதற்குக் கீழே பழைய பேரீச்சம்பழம் மாதிரி ஒரு அசட்டு இனிப்பு. மச்சான் ஒரு வாய் குடித்துவிட்டு, "இருமல் மருந்தா மாமா?" என்றார். இரண்டாவது பாட்டிலும் அதே கதை.

அப்போதுதான் கவனித்தேன், 24 பாட்டிலிலும் விலை ஸ்டிக்கர் கழுத்தில் ஒரே இடத்தில் ஒட்டியிருக்கிறது. வெந்நீரில் நனைத்து உரித்தேன். அடியில் பாட்டிலில் அடைத்த தேதி. போன வருசம் ஆகஸ்ட்! லேபிள் படம் வருசா வருசம் ஒன்றேதான், அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு வருசத்துக்கு மேல் நம்ம ஊர் வெக்கையில் கிடந்த சரக்கு. பீர் தொழிலில் 3-30-300 என்று ஒரு கணக்கு உண்டு: 32 டிகிரியில் 3 நாள் வைத்தால் ஆகிற கேடு, 22 டிகிரியில் 30 நாளிலும், 3 டிகிரியில் 300 நாளிலும்தான் ஆகும். நம்ம மதிய வெயிலே 32 டிகிரி. கடையில் குடித்தது குளிரிலேயே இருந்த பாட்டில், எனக்கு வந்தது ஸ்டோரில் வெந்தது. முதலில் போவது ஹாப்ஸ் வாசம், அப்புறம் அட்டை நாற்றம்.

படம் எடுத்து அனுப்பினேன். நீலக்குறி விழுந்தது, பதில் இல்லை. மறுநாள் கூப்பிட்டால், "அது எக்ஸ்பயரி இல்லண்ணே, செஞ்ச தேதி." தெரியும் தம்பி, அதைத்தானே நானும் சொல்கிறேன்! அடுத்த நாள், "பாஸ் ஊர்ல இல்ல." அதற்கடுத்த நாள் கடைக்கே போனேன். இன்னொருவன் நின்றான். "லாகர் குடிச்சுப் பழகினவங்களுக்கு ஆம்பர் ஏல் இப்படித்தான் தெரியும்" என்றான். 528 வெள்ளி போனதைவிட இந்தப் பேச்சுதான் சுட்டது. அதே கடையில், அதே பீரை, அதே நாக்கால்தானே ருசி பார்த்தேன்! திறந்த பெட்டியைத் திருப்பி எடுக்கமாட்டார்களாம். அடுத்த முறை வாங்கினால் 10 விழுக்காடு கழிவு தருவார்களாம்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. ருசி பார்க்கிற பாட்டிலின் தேதியைப் பார்க்காதீர்கள், உங்களுக்கு வரப்போகிற பெட்டியின் தேதியைப் பாருங்கள், ஸ்டிக்கர் இருந்தால் அங்கேயே உரியுங்கள். அமெரிக்கத் தேதியில் மாதம் முன்னால் வரும். ரசீது இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். பெட்டி சுட்டால் வாங்காதீர்கள்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போட 5 வெள்ளிதான் கட்டணம், 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். என் கையில் இருப்பது பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டும் உரித்த ஸ்டிக்கரும். திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தப் பையனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ரசீது என்று நினைத்துத் திறந்தேன். "அண்ணே, கிறிஸ்துமஸ் ஸ்டௌட் வந்துருச்சு, பெட்டி எடுத்து வைக்கவா?"