விமானத்தின் 20 விநாடியா, விண்வெளி நிலையமா? உருகிய உலோகத்தின் எண்களை எங்கிருந்து எடுப்பது

காரைக்குடியில் இருந்தபடி ஃபவுண்டரிகளுக்கு வார்ப்பு சிமுலேஷன் செய்து கொடுக்கிறேன். போன வருஷம் ஒரு நிக்கல் கலப்பு உலோகத் துண்டு. என் கணக்கில் மோல்டு முழுக்க நிரம்பியது, நிஜத்தில் மெல்லிய ஓரம் நிரம்பாமல் நகம் போல வளைந்து நின்றுவிட்டது. தப்பு, உருகிய உலோகத்தின் குணங்களுக்கு நான் போட்ட எண்களில்தான்.

மூசையில் (உலோகம் உருக்கும் கிண்ணம்) அளந்த எண்களை உடனே ஒதுக்கினேன். நிக்கல் உருகவே 1455 டிகிரி வேண்டும், அந்தச் சூட்டில் மூசையும் சும்மா இருக்காது. அதனால்தான் மின்காந்தப் புலத்தில் துளியை மிதக்கவிடுகிறார்கள். தரையில் அதற்குப் பலமான புலம் தேவை, அது துளியின் உள்ளே கலக்கிக்கொண்டே இருக்கும். எங்கள் வளவில் தொங்கும் ஊஞ்சலை ஒரு தள்ளு தள்ளிவிட்டால் எத்தனை ஆட்டத்தில் அடங்குகிறது என்று எண்ணலாம். யாராவது நடுநடுவே தள்ளினால் எண்ண முடியுமா? துளியையும் அப்படித்தான் ஆடவிட்டுப் பார்ப்பார்கள்: ஆட்ட வேகம் பரப்பு இழுவிசையைச் சொல்லும், அடங்கும் நேரம் பாகுத்தன்மையைச் சொல்லும். எடையற்ற நிலையில் மெல்லிய புலமே போதும்.

சரி, எங்கே அளந்த எண்? பரவளையப் பாதையில் பறக்கும் விமானத்தில் ஒரு வளைவுக்கு 20 விநாடி சொச்சம் எடையற்ற நிலை கிடைக்கும். இன்னொன்று, 2014இல் சர்வதேச விண்வெளி நிலையத்தின் கொலம்பஸ் கூடத்துக்குப் போன மின்காந்த உலை.

என் வாக்கு நிலையத்துக்கே, காரணம் நேரம். மெல்லிய ஓரம் நிரம்புமா என்பது உலோகம் எவ்வளவு சீக்கிரம் சூட்டை இழக்கிறது என்பதில்தான் இருக்கிறது, அதற்குத் தன்வெப்பம் (ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்) வேண்டும். அதை அளக்க, வெப்பமூட்டும் சக்தியைச் சீராக ஏற்றி இறக்கி, துளியின் வெப்பநிலை எப்படிப் பின்தொடர்கிறது என்று பார்ப்பார்கள். துளி உருகிய நிலையிலேயே நிதானமாக மிதக்க வேண்டும், வாயு சூட்டைப் பறிக்காமல் வெற்றிடமாக இருந்தால் கணக்கு சுத்தம். விமானத்திலோ உருக்கிய கையோடு வாயுவை ஊதிக் குளிரவைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் விமானம் மேலெழும்போது எடை 1.8 மடங்காகி, உறையாத துளி தன்னைச் சுற்றியுள்ள கூண்டில் ஒட்டிக்கொள்ளும். இந்த அவசரத்தில் தன்வெப்பம் எங்கே அளப்பது?

பாகுத்தன்மைக்கு விமானம் போதும், துளி அடங்க அந்த 20 விநாடிக்குள் நேரம் இருக்கிறது. அப்புறம், நான் நிக்கலோடு மட்டுமே வேலை செய்தவன். ஆக்சைடு உருகல் என்றால் மின்காந்தம் உதவாது, ஜப்பானின் கிபோ கூடத்திலுள்ள நிலைமின் உலைப் பக்கம் பாருங்கள்.

நிலையத்துத் தன்வெப்பத்தைப் போட்டு அதே துண்டை மறுபடி ஓட்டினேன். ஓரம் நிரம்பவில்லை, ஃபவுண்டரியில் நின்ற இடத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி நின்றது.