தம்பியின்ர விமானத்தை நிப்பாட்டித் தந்த லோயர் ஒபிஸ்

2013 பெப்ரவரி. ஹீத்ரோ பக்கத்துத் தடுப்பு முகாமில இருந்து தம்பி போன் எடுத்தான்: "அக்கா, 28ஆம் திகதி சார்ட்டர் பிளைட்டில திருப்பி அனுப்பப் போறாங்களாம். கடிதம் தந்திட்டாங்கள்." கொழும்புக்கு நேர. பிரித்தானிய உள்துறை அமைச்சு முழுசா வாடகைக்குப் பிடிச்ச விமானம். எங்கட சனமும் காவலரும்தான் உள்ளுக்கு. சத்தம் போட்டாலும் கேக்க வேற பயணி ஒருத்தரும் இல்லை.

ரெண்டு இடத்தில கைவிரிச்ச பிறகு ஈஸ்ட்ஹாமில இந்த ஒபிசுக்கு ஏறினன். கோழிக்கடைக்கு மேல ஒடுங்கின படி. அங்க வேலை செய்யிற பிள்ளை, தம்பியின்ர முதுகுத் தழும்பைப் பற்றின டொக்டரின்ர அறிக்கையை வரிவரியா வாசிச்சா. திருப்பி அனுப்பின ஆக்கள் சித்திரவதைப்பட்டதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் எண்ட மனித உரிமை அமைப்பு 2012இல வெளியிட்டிருந்தது. அதையும் சேர்த்துக் கட்டினா. 27ஆம் திகதி உயர் நீதிமன்றத் தடை வந்தது. போனில சொல்லேக்க அவவின்ர குரலும் உடைஞ்சது.

குறை ஒண்டு: பகலில போனைத் தூக்கவே மாட்டினம். நேர போங்கோ, அகதி மனு நேர்முகப் பதிவு, டொக்டர் கடிதம் எல்லாத்திலயும் ரெண்டு பிரதி எடுத்துக்கொண்டு. கடிதம் கிடைச்ச அண்டைக்கே போங்கோ.